கெட்ட சேதி சொல்லாத படக்காரர்

கிள்ளான் பக்கம் பண்டமாரானில் எங்கள் வீட்டு வரிசையின் கடைசி வீட்டில் ஒரு படக்காரர் குடியிருந்தார். பெயர் வேண்டாம். அவர் மனைவி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். என்னைவிட வயதில் இளையவர் என்பதால் நான் தம்பி என்று கூப்பிடுவேன். அவர் என்னை அக்கா என்பார். கிள்ளான் வட்டாரத்தில் கல்யாணம், சடங்கு, வளைகாப்பு என்று எது நடந்தாலும் அவருடைய வெள்ளை வேன் அந்த வாசலில் நிற்கும். கழுத்தில் கேமரா, சட்டைப் பையில் சீப்பு, வாயில் எப்போதும் ஒரு நல்ல வார்த்தை.

அந்த நல்ல வார்த்தையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவர் யாரிடமும் கெட்டது சொல்ல மாட்டார். அது ஒரு நோன்பு மாதிரி அவருக்கு. கெட்ட செய்தி தன் வாயிலிருந்து வந்துவிட்டால் அந்தக் கெட்டதைத் தானே செய்துவிட்டது போல நினைப்பார்.

ஒருநாள் என் சாம்பார் அடிபிடித்துவிட்டது. கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து அசதியில் அடுப்பை மறந்துவிட்டேன். அன்று பார்த்து என் வீட்டுக்காரர் அவரைச் சாப்பிட அழைத்து வந்துவிட்டார். எனக்குத் தலைகுனிவு. யார் வீட்டிலும் குறை சொல்ல இடம் கொடுக்காமல் சமைத்தவள் நான். அவர் ஒரு வாய் வைத்தார். பிறகு, "அக்கா, இதுல லேசா ஒரு பொகை வாசனை வருது பாருங்க, அது தனி ருசி லா. எங்க பெரியம்மா இப்படித்தான் வைப்பாங்க" என்றார். தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். இன்னும் ஒரு கரண்டி கேட்டும் வாங்கினார்.

என் வீட்டுக்காரர் அவர் போனதும் சிரித்தார். "அவன் வாயில சக்கர இருக்குடி. நானாயிருந்தா கடையில ரொட்டி சானாய் தாப்பாவ் கட்டிட்டு வந்திருப்பேன்."

எனக்கு அன்று அந்த மனிதரைப் பிடித்துப் போயிற்று. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவர் வேலை செய்வதைப் பார்க்கவும் நன்றாக இருக்கும். மற்றப் படக்காரர்கள் மேடையில் ஏறினால் ஐயரையே அதட்டுவார்கள். "ஐயரே, கொஞ்சம் நில்லுங்க, தாலிய இன்னொரு தடவ தூக்குங்க" என்று நல்ல நேரத்தை நிறுத்தி வைப்பார்கள். இவர் ஒரு நாளும் நிறுத்தியதில்லை. ஓரமாக, பூனை நடப்பதுபோல நடப்பார். தூங்கி வழிகிற மாப்பிள்ளையிடம், "ராஜா மாதிரி உக்காந்திருக்கீங்க, அப்படியே லேசா நிமிருங்க" என்பார். அழுகிற பெண்ணிடம், "அழுகையும் அழகாத்தான்மா இருக்கு, ஆனா மை கரையுது" என்பார். அவர் எடுத்த படங்களில் சண்டை போட்ட சம்பந்திகள்கூட ஒற்றுமையாகத் தெரிவார்கள். அதனால்தான் அவரைத் தேடி ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்தும் டெங்கிலிலிருந்தும் ஆள் வந்தது.

"எங்க வீட்டுக்காரர் வாயில கெட்டது வராதுக்கா" என்று அவர் மனைவி குழாயடியில் நின்று பெருமையாகச் சொல்வாள். எனக்கும் அது பெருமையாகத்தான் பட்டது, பூனை விஷயம் நடக்கிற வரைக்கும்.

எதிர் வீட்டுச் சின்னப் பெண் ஒரு பூனை வளர்த்தாள். அது காலையில் லோரியில் அடிபட்டுப் போயிற்று. பார்த்தவர் இவர் ஒருவர்தான். தானே பழைய துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தார். நல்ல காரியம். ஆனால் பள்ளிவிட்டு வந்த பெண் கேட்டபோது, "பெரிய பங்களா வீட்டுக்காரங்க தூக்கிட்டுப் போயிருக்காங்கமா, அங்க மீனு, பாலு, எல்லாம் உண்டு. ஆசை தீர்ந்ததும் வந்துரும்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் தினமும் சாயங்காலம் வாசலில் தட்டு வைத்துக்கொண்டு கூப்பிட்டது. எத்தனை நாள் கூப்பிட்டது என்று நான் எண்ணவில்லை.

"சொல்லிருங்க தம்பி, பாவம் அது" என்றேன்.

"எப்படிக்கா சொல்றது? மொகத்தப் பாத்தீங்களா?"

"ஒரு நாள் அழும். அப்புறம் விட்டுரும். இப்ப தினம் அழுவுது."

"தானா மறந்துரும்க்கா" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து அவர் அம்மாவின் சாவு. டெங்கிலில் அண்ணன் வீட்டில் இருந்த அந்த அம்மாள் காலையில் இறந்துவிட்டார். போன் இவருக்கு வந்தது. இவர் வீட்டுக்குள் போய் மனைவியிடம், "அம்மாவுக்குக் கொஞ்சம் முடியலயாம், பாத்துட்டு வந்துரலாம், நல்ல சேலையா கட்டிக்க, பாத்தா அம்மா சந்தோஷப்படும்" என்று சொல்லியிருக்கிறார். பெற்ற தாய் செத்த துக்கத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டு வேனை ஓட்டியிருக்கிறார். அவள் மஞ்சள் பட்டுச் சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு போய் இறங்கினாள். வாசலில் கெமாப் பந்தல் போட்டிருக்கிறது, நாற்காலி போட்டிருக்கிறது, பறை அடிக்கிறது. சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னால் அவள் தலைப் பூவைப் பிய்த்து எறிந்துகொண்டு அழுதாளாம். மாமியாருக்காக அழுதாளா, மானத்துக்காக அழுதாளா, யாருக்குத் தெரியும்.

திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னாள். நான், "இது என்னடி கூத்து, முதல்லயே சொல்லியிருந்தா என்ன?" என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு வழியில மயக்கம் வந்துரும்னு பயந்துட்டாருக்கா. அவ்வளவு பாசம்" என்றாள்.

அந்தப் பாசத்தை நான் பிறகு பார்க்க வேண்டி வந்தது.

எங்கள் கல்யாணத்துக்குப் படம் கிடையாது. ரப்பர் தோட்டத்துக் கோயிலில் என் வீட்டுக்காரர் தாலி கட்டினார். அன்று பட்டணத்திலிருந்து வர வேண்டிய வேறொரு படக்காரர் மழையில் வரவில்லை. அவ்வளவுதான் கதை. ஆனால் எங்கள் வரிசையில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முன் அறையில் ஒரு கல்யாணப் படம் மாட்டியிருக்கும். என் வீட்டில் மட்டும் அந்த இடத்தில் மளிகைக்கடை நாட்காட்டி. வருகிறவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்க கல்யாணப் படம் எங்கக்கா?" என்று கேட்பார்கள். நான் யாரிடமும் எதையும் கேட்டு வாழ்ந்தவள் இல்லை. எனக்கு இருந்தது அந்த ஒரு குறை. என் வீட்டுக்காரரோ கேமராவைக் கண்டால் ஒதுங்குகிற ஆள். மற்றவர் வீட்டுக் கல்யாணப் படங்களில் பாதித் தோளாகத்தான் நிற்பார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்ற படம் என்று உலகத்தில் ஒன்றுகூட இல்லை.

அவருக்கு அறுபது முடிந்தபோது மகள் அறுபதாம் கல்யாணம் செய்யலாம் என்றாள். கிள்ளானில் கோயில் மண்டபம் பிடித்தாள். கலசத் தண்ணீர் ஊற்றி, மறுபடி மாலை மாற்றி, மறுபடி தாலி கட்டுவார்கள். "அம்மா, உனக்கு என்ன வேணும் சொல்லு" என்று கேட்டாள்.

"நகை வேணாம், சேலை வேணாம். உங்கப்பா தாலி கட்டுற படம் ஒண்ணு வேணும். பெருசா."

படம் யார் எடுப்பது என்ற பேச்சே இல்லை. அடுத்த வரிசைக்கா போவோம்.

என் மகள் கணினி விற்கிற கடையில் வேலை பார்த்தவள். விவரம் தெரிந்தவள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு மாலையும் சேலையும் வாங்கப் போனபோது படக்காரரும் தன் வேனில் எங்களை ஏற்றிக்கொண்டு வந்தார். அங்கே ஒரு கேமராக் கடை வாசலில் மகள் நின்றுவிட்டாள்.

"அங்கிள், எங்க ஃபங்ஷனுக்கு கேமராவுல என்ன மெமரி கார்டு போடுவீங்க?"

"நல்ல கார்டுதான்மா."

"எங்க வாங்குனது?"

"நம்ம பாசார் மாலாம்ல, அந்த ராத்திரிச் சந்தையில, துணிக்கடைக்குப் பக்கத்துல போன் கவர் விக்கிறாரே ஒரு தம்பி. அவர்கிட்ட."

மகள் அவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கடைக்குள் அழைத்துப் போனாள். கடைக்காரர் நம் ஆள்தான், கண்ணாடி போட்ட நடுத்தர வயதுக்காரர். கட்டைவிரல் நகம் அளவு இருக்கிற அந்த அட்டைகளைக் கண்ணாடிமேல் வரிசையாக வைத்தார். இத்தனூண்டு சாமானில் ஒரு கல்யாணமே அடங்கும் என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"அண்ணே, கார்டு வாங்குறப்ப மேல எழுதியிருக்குற நம்பரப் பாக்காதீங்க" என்றார் கடைக்காரர். "அத எவன் வேணா எழுதுவான். ஏஜெண்டு ஸ்டிக்கர் இருக்கா, வாரண்டி இருக்கா, அதப் பாருங்க. பெருசா ஒண்ணு வாங்காம சின்னதா ரெண்டு வாங்குங்க. ஒண்ணு மண்டயப் போட்டாலும் இன்னொண்ணு நிக்கும். வாங்குன அன்னைக்கே வீட்டுல வச்சு முழுசா ரொப்பி, திருப்பி எல்லாம் தொறக்குதான்னு பாத்துருங்க. அடுத்தவங்க கல்யாணத்துல போயி டெஸ்ட் பண்ணாதீங்க."

"நல்லதுங்க பாஸ். ரொம்ப நல்ல தகவல்" என்றார் படக்காரர்.

"போன மாசம் ஒரு கார்டு கெட்டுப் போச்சுன்னு ஆன்டி சொன்னாங்களே அங்கிள். அதுவும் அந்தப் பாசார் ஆள்கிட்ட வாங்கினதுதானே?" என்று மகள் கேட்டாள்.

"ஆமாமா. ஏதோ ஒண்ணு ரெண்டு அப்படி ஆயிரும்."

"அவர்கிட்டப் போயி இது போலின்னு சொன்னீங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எப்படிமா சொல்றது? மூணு புள்ளக்காரரு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தூரத்துல பாத்தாலே அண்ணே அண்ணேன்னு கூப்புடுவாரு. அவருக்கே தெரியாது பாவம், வேற எவனோ குடுக்குறத விக்கிறாரு. போய் மொகத்துக்கு நேரா உன் சாமான் போலின்னு சொன்னா மனசு ஒடஞ்சிர மாட்டாரா?"

"அதுக்காக மறுபடி அவர்கிட்டயே வாங்குனீங்களா?"

"வாங்கலன்னா ஏன்னு கேப்பாரே மா."

கடைக்காரர் குனிந்துகொண்டு சிரித்தார். மகள் பேசாமல் தன் பணத்தில் ஒரு நல்ல அட்டையை வாங்கி அவர் கையில் கொடுத்தாள். "எங்க ஃபங்ஷனுக்கு இதப் போடுங்க அங்கிள். வேற எதையும் போடாதீங்க." அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அருமையான பொருள்மா" என்று சொல்லிச் சட்டைப் பையில், சீப்புக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அந்த நாளும் வந்தது. மண்டபத்துக்கு அவர் எங்களுக்கு முன்னே போய்விட்டார். கூடவே பாசார் மாலாம்காரரும் வந்திருந்தார், விளக்குப் பிடிக்க. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வியாபாரம் இல்லை, உதவிக்கு வந்தாராம். எல்லாரையும் கும்பிட்டுச் சிரித்த முகமாக இருந்தார். அவர்தான் அன்று காலையில், "அண்ணே, உங்க வரிசையில பெரிய நாளு, புது கார்டு போடுங்க, என் பரிசா வச்சுக்குங்க" என்று ஒரு அட்டையைப் பிரித்து நீட்டியிருக்கிறார். கொடுத்தவர் பக்கத்திலேயே விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சட்டைப் பையில் வேறு அட்டை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? போட்டுவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

காலையிலிருந்து படமெடுத்தார். மண்டபத் தோரணம், கலசங்கள், பழத்தட்டு, ஐயர் கோலம் போடுவது, பந்தியில் சேமியா, வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவது என்று ஒன்றுக்குப் பத்தாக எடுத்துத் தள்ளினார். தண்ணீர் ஊற்றி முடித்து நாங்கள் பட்டு மாற்றிக்கொண்டு மேடைக்கு வந்து உட்கார்ந்தோம். ஐயர் தாலியைத் தட்டில் வைத்து எல்லாரிடமும் காட்டச் சொல்லி அனுப்பினார். அப்போது நான் படக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை படம் தவறக் கூடாது என்று எனக்கு அவர்மேலேயே கண்.

அவர் கேமராவின் பின்பக்கம் பார்த்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். வெயிலில் நின்று மயங்கப் போகிறவருக்கு வெளுக்குமே, அப்படி. கை சட்டைப் பைக்குப் போயிற்று. தட்டு திரும்பி வந்தது. ஐயர் தாலியை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். படக்காரரின் கை சட்டைப் பையிலிருந்து இறங்கிவிட்டது. கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தார்.

"அக்கா, சிரிங்க. அண்ணே, இந்தப் பக்கம். அருமை, அருமை."

பளீர் பளீர் என்று வெளிச்சம் அடித்தது. நான் சிரித்தேன். கல்யாணம் செய்த அன்றுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை. மூன்றாவது முடிச்சு முடிகிற வரைக்கும் வெளிச்சம் அடித்துக்கொண்டேயிருந்தது. பிறகு சாப்பிடாமல் போய்விட்டார். தலைவலி என்று மனைவி சொன்னாள்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். "எல்லாம் நல்லா வந்திருக்குக்கா. ஆல்பம் டிசைன் பண்ணுறேன், அதான் நேரமாவுது" என்றார். மகள் போனில் கேட்டாள், படங்களை அப்படியே அனுப்பச் சொல்லி. கும்பிடுகிற கை பொம்மை ஒன்று பதிலுக்கு வரும். அதோடு சரி. படக்காரர்தான் இருக்கிறாரே என்று அன்று மற்ற யாரும் போனை எடுக்கவில்லை, தங்கச்சி மகன் ஒருவன்தான் தன் போனில் தாலி கட்டுவதை எடுத்திருந்தான். அதைப் பார்த்தால் படக்காரர் முதுகுதான் தெரிகிறது. எங்களை மறைத்துக்கொண்டு குனிந்து நிற்கிறார்.

என் வீட்டுக்காரருக்கு முதலில் இந்தப் படத்தில் அக்கறை இல்லை. நாள் போகப் போக அவருக்கும் ஆசை வந்துவிட்டது. படக்காரர்தான் வளர்த்துவிட்டார். வழியில் பார்த்தால், "அண்ணே, உங்க மொகம் வந்திருக்கு பாருங்க, மந்திரி மாதிரி" என்பார். இவர் கோப்பிக் கடையில் போய், "என் படம் மந்திரி மாதிரி வந்திருக்காம்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாட்காட்டியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஆணி அடிக்க ஸ்டூல்மேல் ஏறினார். படக்காரர் அப்போது வாசலோடு போனார்.

"தம்பி, இந்த உயரம் போதுமா?" என்று இவர் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் மேலண்ணே. படம் பெருசு."

இவர் ஆணியைப் பிடுங்கி மேலே அடித்தார்.

தீபாவளி வந்தது, போனது. பொங்கல் போனது. ஒரு காலையில் என் வீட்டுக்காரர் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். தலைமாட்டில் வைக்கப் படம் வேண்டும் என்றார் சடங்கு செய்கிறவர். மகள் படக்காரரிடம் ஓடினாள்.

"அங்கிள், அந்தத் தாலி கட்டுற படத்துல அப்பா மொகம் மட்டும் வெட்டிக் குடுங்க. சீக்கிரம்."

"தேடுறேன்மா. இருக்கும்மா. இங்கதான் இருக்கும்" என்று அவர் கணினி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். தோரணம் வந்தது. கலசம் வந்தது. சேமியா வந்தது. அவள் அப்பா செருப்பைக் கழற்றக் குனிகிற முதுகு ஒன்று வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் சாம்பல் நிறக் கட்டம். மகள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவர் அப்போதும் வாய் திறந்து இல்லை என்று சொல்லவில்லை. "இருக்கும்மா" என்றே திறந்துகொண்டிருந்தார். மகள் தானே திரும்பி வந்து என் காதில் சொன்னாள்.

கடைசியில் ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி வைத்தோம். குற்றம் செய்து பிடிபட்டவர் போல அதில் பார்ப்பார். மந்திரி மாதிரி இருந்தவர்.

கருமாதி முடிந்து மகள்தான் அந்த அட்டையைப் பற்றி எனக்கு விளக்கினாள். "உள்ள இருக்குறது கொஞ்சூண்டு இடம்தான்மா. மேல பெருசா எழுதி ஒட்டியிருக்கான். கேமரா கேட்டா, இடம் இருக்கு, இருக்குன்னுதான் சொல்லும். ரொம்பினதுக்கு அப்புறமும் குடுக்குறத எல்லாம் வாங்கிக்கும். எதையும் வச்சுக்காது. வேணாம்னு சொல்லவும் சொல்லாது." அட்டையைப் பற்றிச் சொல்கிறாளா, ஆளைப் பற்றிச் சொல்கிறாளா என்று எனக்குக் குழம்பிவிட்டது.

படக்காரர் அன்றைக்கு வந்தார். மகள் வாங்கிக் கொடுத்த அட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உறைகூடப் பிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"மேடையில எப்படிக்கா சொல்றது? ஐயர் தாலிய எடுத்துட்டாரு. அந்த நேரத்துல போயி நிறுத்துங்க, கெட்டுப் போச்சுன்னு வாயால சொல்லலாமா? அபசகுனம் இல்லையா?"

"சரி. மேடையில வேணாம். சாயங்காலம் சொல்லியிருக்கலாமே தம்பி."

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

"மறுநாளு?"

"அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

"அவரு ஸ்டூல் மேல நின்னு கேட்டாரே. அன்னைக்கு?"



இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் பலரும், அட்டை கெட்டதற்கு அந்த மனிதர் என்ன செய்வார், இந்த அம்மாளுக்கு வீம்பு என்று பேசினார்கள். அட்டை கெட்டதற்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாமான் என்றால் கெடும். அன்று சாயங்காலம் அவர் வந்து, "அக்கா, படம் போச்சு" என்று சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், திட்டியிருப்பேன். மறுநாள் அதே பட்டைக் கட்டிக்கொண்டு, என் வீட்டுக்காரரை அதே வேட்டியில் பக்கத்தில் நிற்க வைத்து, வாசலில் ஒரு படம் எடுத்திருப்பேன். மகள் போனிலேயே எடுத்திருப்பாள். தாலி கட்டுகிற படம் இல்லாவிட்டால் போகிறது, இரண்டு பேரும் நிற்கிற படம் இருந்திருக்கும். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் எத்தனை மாதம் உயிரோடு இருந்தார். எத்தனை காலை, எத்தனை வெயில். ஆல்பம் வருகிறது என்று நம்பிக்கொண்டு நாங்கள் ஒரு படமும் எடுக்கவில்லை.

இவ்வளவையும் நான் அவரிடம் சொல்லவில்லை. "போங்க தம்பி" என்று மட்டும் சொன்னேன். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். நான்கைந்து வருடம் அந்த வாசலைத் தாண்டும்போது நான் திரும்பியதில்லை. அவர் மட்டும் தினமும், "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார். விடாமல் கேட்பார்.

பிறகு அவருக்கு நோய் வந்தது. ஆளே பாதியாகிவிட்டார். கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். வரிசைப் பெண்கள் வேன் பேசிக்கொண்டு பார்க்கப் போனார்கள். நானும் போனேன். சாகிறவனைப் பார்க்கக்கூட வரவில்லை என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது. கட்டிலைச் சுற்றி நின்று எல்லாரும் சொன்னார்கள். "மொகம் தெளிஞ்சிருக்கே." "அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துருவீங்க." மனைவி அவர் காலைத் தடவிக்கொண்டு, "டாக்டரே சொல்லிட்டாரு, நல்ல முன்னேற்றம்னு" என்றாள். சற்று முன்னால்தான் வெளியே தூணில் சாய்ந்து அழுதுகொண்டு, இனி நாள்தான் கணக்கு என்று டாக்டர் சொன்னதை எங்களிடம் சொல்லியிருந்தாள். சிங்கப்பூரில் வேலை செய்கிற மகளுக்குக்கூட, "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல" என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தாள்.

பெண்கள் கீழே போய்விட்டார்கள். மனைவி சுடுதண்ணீர் பிடிக்கப் போனாள். நான் கடைசியாகத் திரும்பியபோது, "அக்கா" என்றார்.

நின்றேன்.

"எல்லாரும் நல்லா ஆயிருவேன்னு சொல்றாங்க."

கட்டில் பக்கம் திரும்பி வந்தேன்.

"நல்லாருக்குன்னு சொல்ற பேச்சு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதாக்கா? நானே எத்தன பேருக்குச் சொல்லியிருக்கேன்." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "நீங்க ஒரு ஆளுதான் என்கூடப் பேசுறதில்ல. அதான் உங்கள கேக்குறேன். எனக்கு எப்படி இருக்கு?"

அவர் கண்ணைப் பார்த்தேன். பயந்துபோன கண். பூனை வளர்த்த அந்தச் சின்னப் பெண் தட்டு வைத்துக்கொண்டு கூப்பிடுவாளே, அவளுக்குக்கூட அந்த வயதில் அப்படிப் பயம் இருந்திருக்காது.

"பொழைக்க மாட்டீங்க தம்பி" என்றேன். "கொஞ்ச நாள்தான்னு டாக்டர் சொல்லிட்டாராம். மகளுக்கு விஷயம் தெரியாது. இன்னைக்கே கூப்புடுங்க. பேச வேண்டியத பேசிருங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பக்கமும் தண்ணீர் இறங்கியது. வெகு நேரம் கழித்து, "போன எடுத்துக் குடுங்கக்கா" என்றார். மேசைமேலிருந்த போனை எடுத்துக் கையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கோபத்தில் சொன்னேனா, இரக்கத்தில் சொன்னேனா என்று கேட்டால் எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

அவர் மகள் மறுநாளே வந்துவிட்டாள். கட்டிலை விட்டு நகரவில்லையாம். அப்பாவும் மகளும் ராத்திரி பகலாகப் பேசினார்களாம். மனைவியிடமும் அவர் எதையெதையோ சொல்லி அழுது, அவளும் சொல்லி அழுது, நாலு நாள் போயிற்று. பிறகு முடிந்துவிட்டது.

சாவு வீட்டுக்குப் போனேன். நான் வாசலில் கால் வைத்ததும் அவர் மனைவி எழுந்து நின்றாள். "வாய வச்சே முடிச்சிட்டியே. நல்லா இருந்த மனுசன்கிட்ட போயி சாவப் போறன்னு சொன்னவ நீதானே" என்றாள். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. உள்ளே போய், வாய்க்கரிசி போட்டுவிட்டு, தலை நிமிர்ந்துதான் திரும்பி வந்தேன்.

இன்னும் அவள் என்னோடு பேசுவதில்லை. பாசாரில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திருப்பிக்கொள்ளட்டும். அவளுக்கு அந்த நாலு நாள் இருந்தது, கடைசி என்று எல்லாருக்கும் தெரிந்த நாலு நாள். எனக்கு அதைவிட அதிகமாகவே, மாதக்கணக்கில் இருந்தது. படம் போச்சு என்று யாரும் சொல்லவில்லை.